கோளாறுக்கு ஓர் அர்ச்சனை

பாயான் லெப்பாஸில் ஒரு கம்ப்யூட்டர் சில்லு பேக்டரியில் எனக்கு வேலை. பூதக்கண்ணாடியில் பார்த்து, கோளாறான சில்லை ஒதுக்கிப் போடுவேன். பள்ளிக்கூடம் என்னையும் அப்படித்தான் சீக்கிரமே ஒதுக்கிப் போட்டது. என் மகளோ பல்கலைக்கழகக் கணக்குத் துறையில் கோளாறை வைத்தே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். 'செய்தாள்' என்று எழுதவே கை வரவில்லை.

அவள் எனக்குச் சொன்னது இது. ஒரே மாதிரி மணிகள் கோத்த, முடிவே இல்லாத சங்கிலி. அதில் ஓர் அலை ஓடுகிறது. எல்லா மணியும் ஒன்றுபோல இருந்தால் அந்த அலையைத் துல்லியமாகக் கணக்குப் போட்டுவிடலாம். நடுவில் ஒரு மணி மட்டும் வேறாக இருந்தால் கணக்கு பெரும்பாலும் உடைந்துவிடும். உடைக்காத கோளாறுகளும் சில உண்டாம். அதில் நுழைந்த அலை தாமதமாக வரும், இல்லை தலைகீழாகப் புரண்டு வரும், இல்லை கோளாறு அதை விழுங்கிவிடும்.

"அப்ப நான் எதும்மா?"

"நீங்க தலைகீழாப் புரண்டு வந்த கேஸுப்பா."

அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு புதிதாக ஒரு கோளாறைப் பிடித்தாள். அது கணக்கை உடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். அலை அதில் நுழையுமுன் சங்கிலி முழுக்கக் கூட்டினால் வரும் தொகை, வெளியே வந்த பிறகும் மாறக்கூடாது. அவள் போட்ட கணக்கில் அது மாறிக்கொண்டே இருந்தது. சாப்பாடு குறைந்தது. அறைக் கதவு மூடியே கிடந்தது. நான் வெளியே நின்று ஜோக் சொல்வேன். கதவு சிரிக்காது.

வேறு வழி தெரியாமல் கோயிலுக்குப் போய், அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். மகள் பேரும் நட்சத்திரமும் சொன்னேன்.

"என்ன வேண்டுதல்?" என்றார் ஐயர்.

"சங்கிலியில ஒரு கோளாறு சாமி. அது போயிடணும்."

"நகைக் கடையில குடுங்கலா."

"அவங்க பாக்கற சங்கிலி இல்ல சாமி."

என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு மணியடித்தார்.

வீட்டில் திருநீற்றை நீட்டியதும் மகள் கேட்டாள். "என்னான்னு வேண்டிக்கிட்டீங்க?" சொன்னேன்.

"கோளாறு போயிட்டா அப்புறம் வெறும் சங்கிலிதாம்ப்பா. அந்தக் கணக்க யாரோ எப்பவோ போட்டு முடிச்சிட்டாங்க. எனக்குக் கோளாறும் இருக்கணும், கணக்கும் உடையக்கூடாது." திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டாள். "இது உடைக்கிற ரகம்ப்பா. நேத்துதான் தெரிஞ்சிச்சு. இத்தன நாளும் தப்பான ஒண்ணப் புடிச்சுத் தொங்கிட்டிருந்தேன்."

"வேற கோளாறு பாரும்மா. வீட்டுலயே ஒண்ணு இருக்கு," என்று என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

அவள் அழுதாள். ஆராய்ச்சியை விடுவதாகச் சொன்னாள். நான் கெஞ்சியது எதுவும் காதில் ஏறவில்லை.

மறுவாரம் ஜெலுத்தோங் வீட்டிலிருந்து என் மோட்டார் சைக்கிளில்தான் அவளைக் கூட்டிப் போனேன். பல்கலைக்கழக வாசலில் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாச்சும் சொல்லுங்கப்பா."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்று அவள் ஹெல்மெட்டை வாங்கி ஹேண்டிலில் மாட்டினேன்.

போனாள். திரும்பி வந்து, "விடறேன்னு சொல்லிட்டேன்," என்று பின்னால் ஏறிக்கொண்டாள்.

சாலையில் சிவப்பு விளக்கில் நின்றபோது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாப்பா?"

காதில் விழாத மாதிரி பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தேன். மறுபடியும் கேட்டாள். விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருந்தது. நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை முறுக்கினேன், சத்தம் வரட்டும் என்று.