பெரியம்மா வீட்டுப் பூட்டு

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுக்குக் குன்னத்திலிருந்து அரியலூர்ப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஒரு நாவல். சுற்றுலா போன குடும்பத்தைச் சிலர் பிணைக்கைதிகளாகப் பிடித்துவைக்கும் கதை.

மறுநாள் காலை பெரியப்பா ஆபீஸ் கிளம்பியதும், வெளியே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. கதவை இழுத்தேன், திறக்கவில்லை. பயந்துபோய் ஜன்னல் வழியாக, "யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினேன்.

தெருவில் போன ஒரு அம்மாள், "ஊருக்குப் புதுசா பாப்பா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அடுப்படியிலிருந்து வந்த பெரியம்மா, "ஏண்டி கத்துற? தெனமும் பூட்டிட்டுத்தான் போவாரு. சாயங்காலம் வந்து தொறப்பாரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தானாம்.

நாவலில் போலீஸ் வந்தது. இங்கே யாரைக் கூப்பிடுவது என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டில் தங்கினாலும், "இன்னொரு சாவி எங்கேங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரியம்மா அதை ஒருநாளும் கேட்டதில்லை.