அரியமங்கலத்துச் சிவப்புக் குறி

இந்த ஊருக்கு ரயில் கொண்டுவருவதுதான் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள், திருச்சியில் ரயிலுக்கா பஞ்சம் என்று. நான் சொல்வது ஊருக்குள்ளேயே ஓடுகிற ரயில். ஸ்ரீரங்கத்தில் ஏறினால் காவிரியைத் தாண்டி நெரிசலில் மாட்டாமல் ஜங்ஷனில் போய் இறங்கலாம். இன்னொரு கிளை அரியமங்கலம் பக்கம் போகும். பொறியியல் முடித்துவிட்டு ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் அளக்கிறேன், வரைகிறேன், தடித்தடியாக அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் சித்தி விடமாட்டார். "என்னம்மா, உன் ரயில் கிளம்பிருச்சா?" என்பார். முன்பெல்லாம் நின்று விளக்கம் சொல்வேன். இப்போது "இன்னும் சிக்னல் விழலை சித்தி" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுகிறேன்.

எங்கள் வேலை நடக்கிற விதம் இதுதான். திட்டம் ஒன்றை அறிவிப்பார்கள். எங்களை அளக்கச் சொல்வார்கள். பாதை எந்த வீட்டைத் தொடுமோ அந்த வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு அம்புக்குறியும் எண்ணும் போடுவோம். அறிக்கை மேலே போகும். மேலே போனது கிணற்றில் போட்ட கல்தான். வேண்டும் என்றும் சொல்லமாட்டார்கள், வேண்டாம் என்றும் சொல்லமாட்டார்கள். சில வருஷம் கழித்து வேறு பெயரில் அதே திட்டம் வரும், நாங்களும் டேப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். சுவரில் போட்ட குறி மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கும்.

அரியமங்கலத்தில் அப்படிக் குறி விழுந்த வீடுகளில் ஒன்று லேத் பட்டறை வைத்திருந்த ஒருவருடையது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு, மேலே தகரக் கூரை. குறி போட்ட அன்று அவர் சண்டை போடவில்லை. "எடுத்தா முழுசா எடுத்துக்குங்க மேடம், பாதியை விட்டுட்டுப் போயிடாதீங்க. எப்போ வரும்?" என்று மட்டும் கேட்டார். மூணு நாலு வருஷத்தில் என்றேன். அப்போது நான் அதை நம்பினேன்.

கூரை ஒழுக ஆரம்பித்தபோது அவர் கான்கிரீட் போட நினைத்தார். கடன் கேட்ட பேங்கிலிருந்து வந்தவர் குறியைப் பார்த்துவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். சரி, விற்றுவிடலாம் என்றால் வாங்க வந்தவர்களும் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேலே சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார். வாங்க வருகிறவர்களிடம் தெருவே விஷயத்தைச் சொன்னது. இந்த இடம் தேவையில்லை என்று ஒரு காகிதம் வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அனுமதியே ஆகாத திட்டத்தை எப்படி ரத்து செய்வது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். எங்கள் ஆபீசுக்கும் வந்தார். எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று என் மேலதிகாரி சொன்னார். அது உண்மைதான், அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம். ஒழுகுகிற வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று அவருடைய மகன் திருப்பூருக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

இந்த வருஷம் மறுபடி அளக்கச் சொன்னார்கள். இந்த முறை பாதை சாலைக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது. வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அவரிடம் நானே சொல்ல வேண்டும் என்று ஆட்களோடு கிளம்பினேன்.

மெஷினை நிறுத்திவிட்டு வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"உங்க பக்கம் வரலைங்க. எதிர்ப்பக்கம் மாத்திட்டோம்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"அறிக்கை மேல போகணும்ங்க. அவங்கதான் சொல்லணும்."

அவர் சிரித்தார். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்காகத் தரையில் வைத்திருந்த பெயிண்ட் டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "அது கிடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லுங்க. இந்தத் தடவையாவது வருமா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எங்களிடம் தயார் பதில் ஒன்று உண்டு. ஆய்வு நடக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வராதுங்க" என்றேன்.

அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு வீட்டில் புதிதாக மாடி எடுத்திருந்தார்கள்.

"அப்போ குறி இந்தப் பக்கமே இருந்துட்டுப் போகட்டும் மேடம். எனக்குப் பழகிருச்சு. அந்தப் பையன் இப்போதான் கடன் வாங்கி மாடி கட்டியிருக்கான். எதுக்குப் புதுசா ஒருத்தன் கெடணும்?"

அப்படி மாற்ற முடியாது என்றேன். புது வரைபடப்படி பாதை இந்தப் பக்கம் வந்தால் வளைவு அதிகமாகிவிடும், ரயில் திரும்பாது என்று விளக்கினேன். வராத ரயில் எப்படித் திரும்பும்? சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஆட்கள் சாலையைக் கடந்து எதிர் வீட்டுச் சுவரில் குறி போட்டார்கள். சத்தம் கேட்டு அந்த வீட்டுப் பெண் வெளியே வந்தாள், தெருவுக்குப் புதியவள் போலிருந்தது. பெயிண்ட் படாமல் இருக்கப் பூந்தொட்டிகளை அவளே நகர்த்திக் கொடுத்தாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், ஸ்டேஷன் பக்கத்துலயே வருமாங்க? மேல வாடகைக்கு விடத்தான் கட்டினோம். ரயில் வந்துட்டா ஆள் தேட வேண்டாம் பாருங்க."

பட்டறை வாசலில் நின்று அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆய்வு நடக்குதுங்க" என்றேன்.

அந்தப் பெண் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டு, எங்களுக்கு டீ போட உள்ளே போனாள்.