பிஸ்கட் டப்பாவில் முப்பத்தாறு துண்டுகள்

எந்தக் காகிதம் வந்தாலும், மின்கட்டண ரசீதாகவே இருக்கட்டும், முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம்தான் மூக்குக் கண்ணாடி, படிப்பு எல்லாம். எங்கள் தெருவில் அவருக்கு பிளேடம்மா என்று பெயர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறுகிறார். எனக்கு அதில் கொஞ்சம் கடுப்புதான்.

போர்க்காலத்தில் கடிதத் தணிக்கை அறையில் வேலை. சிப்பாய்களின் கடிதத்தில் ஊர்ப் பெயர் வந்தால் அந்த வரிகளை பிளேடால் வெட்டி எரித்துவிட வேண்டும். அப்படி வெட்டுப்பட்ட ஒரு சிப்பாய்க் கவிஞர், விடுப்பில் வந்தபோது அந்த அறைக்கே சண்டைக்கு வந்துவிட்டார்.

"'என் கவிதையக் குதறினது யாரு?'ன்னு கத்தினாரு. நான்தான்னு எழுந்து நின்னேன். பதினோரு நாள் லீவு. பதினோரு நாளும் என்கூடத்தான். போதுமா?" என்று என்னை முறைத்தார். நான் எங்கே கேட்டேன்!

போர்முனைக்குத் திரும்பியவர் தன் அக்காவுக்குத்தான் கடிதம் எழுதினார். ஆனால் ஒவ்வொன்றிலும் பிளேடம்மாவுக்கென்று நாலு வரி. நடுவே வேண்டுமென்றே ஓர் ஊர்ப் பெயர். அது இருந்தால்தானே வெட்டலாம்? கடிதங்கள் இவர் மேசைக்குத்தான் வரும். வெட்டினார், எரிக்கவில்லை; முப்பத்தாறு துண்டுகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தார். கவிஞர் திரும்பி வரவில்லை. இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக யாரிடமும் மூக்கைச் சிந்தியதும் இல்லை.

கடிதங்கள் புத்தகமாக வரப்போவதைக் கேள்விப்பட்டு, வெட்டின துண்டுகள் தன்னிடம் இருப்பதாக இவரே எழுதிப் போட, போன வாரம் அந்த அக்காவின் மகன் வந்தார். ஒரு கையில் ஓட்டை விழுந்த கடிதங்கள், மறு கையில் முன்னுரையின் அச்சுப்படி. துண்டுகள் வேண்டுமாம், இவர் பெயர் மட்டும் வேண்டாமாம்.

"மாமா நாட்டை நெனச்சுத்தான் 'நீ'ன்னு எழுதினாருன்னு முன்னுரையில போட்டாச்சும்மா."

"நாடா? இதைக் கேளு. 'உன் இடது காதின் கீழ் மச்சம்.' நாட்டுக்கு ஏதுப்பா மச்சம்?" முடியை ஒதுக்கிக் காட்டினார். இருந்தது. நான் சிரித்துவிட்டேன், பிளேடம்மா சிரிக்கவில்லை.

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கில்லம்மா..."

"எனக்கு மட்டும் கெடையாதா? நான் என்ன திருடியா? வெட்டுற வேலைய நான் பாத்து முடிச்சாச்சு. இனிமே என்னை யாரும் வெட்ட வேண்டாம். என் பேரைப் போட்டா துண்டு. இல்லேன்னா ஓட்டையோடவே அச்சடிச்சுக்கோ."

வந்தவர் ஒரு கடிதத்தை மேசையில் விரித்தார். பிளேடம்மா டப்பாவைத் திறந்து, கிளறாமலே ஒரு துண்டை எடுத்து ஓட்டையில் வைத்தார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. வந்தவர் ஆவலோடு குனிந்தார். பிளேடம்மா அந்த வரிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மறு கையால் பேனாவை எடுத்து அவருடைய முன்னுரையின் மேல் வைத்தார்.