கொசுவம் வைத்த கல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர்களின் குடியிருப்பில் இருந்தோம். என் கணவருக்கு இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பகுதியில் வேலை. எனக்கு வீட்டில் வேலை.

நான் நிலவியல் படித்தவள், முதுகலை வரை. கடைசி ஆண்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் களப்பணிக்குக் கூட்டிப்போனார்கள். தலையில் துண்டும் கையில் சுத்தியலுமாக சின்னச் சின்னப் பாறைக் குன்றுகள், ஒவ்வொரு கரடாக ஏறி இறங்கினோம். அங்கேதான் மடிந்த பாறையை முதலில் பார்த்தேன். வயது இருநூற்று ஐம்பது கோடி ஆண்டு என்றார்கள். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் வெந்து, இளகி, பக்கவாட்டில் நெருக்கியபோது உடையாமல் மடிப்பு மடிப்பாக மடிந்துபோன பாறை. அதன்மேல் கை வைத்து நின்றபோது, காலம் முழுக்க இந்த வேலையைத்தான் செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தேர்வு முடிந்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது.

ஆவடியில் பாறையே கிடையாது. ஏரியும் களிமண்ணும்தான். கல்லைப் பார்க்க ஆசை வந்தால், பட்டாபிராம் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு நடுவே கொட்டியிருக்கும் ஜல்லியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ரயில் வந்து நிற்பதுகூடத் தெரியாமல் பார்த்திருக்கிறேன். சோற்றில் கல் அகப்பட்டால் போதும், "கல்லுல பட்டம் வாங்குனவ ஆக்குன சோறு, வேற எப்படி இருக்கும்?" என்பார் மாமியார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். கணவர் நல்ல மனிதர், கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் நீ என்ன படித்தாய் என்று ஒருநாளும் கேட்டதுமில்லை. வேலைக்குப் போகாததைவிட எனக்கு அதுதான் வலித்தது. எனக்கு எது உயிர் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று பூந்தமல்லியில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், அதனால் இவர் போகாமல் எதுவும் நடக்காது. மாமியாரும் பிள்ளைகளும் முந்தின நாளே போய்விட்டார்கள். காலையில் நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். நான் பட்டுப்புடவையில், மடியில் சீர்த்தட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சென்னீர்குப்பத்தில் ஒரு பஞ்சர் கடை வாசலில் லாரி ஒன்று நின்றிருந்தது. அதன்மேல் சங்கிலி போட்டுக் கட்டிய பெரிய பாறை. லாரியின் பின்புறத்தைத் தாண்டும்போது பாறையின் முகப்பு கண்ணில் பட்டது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். புடவை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது என்று பதறி, அவர் லாரியைத் தாண்டிப் போய் பிரேக் போட்டார். நான் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு பின்பக்கம் ஓடினேன்.

ரோஜா நிறமும் சாம்பல் நிறமும் பட்டை பட்டையாக, மடிந்து மடிந்து கிடந்தன. தூசி படிந்து சரியாகத் தெரியவில்லை. பஞ்சர் பார்க்கிற தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தரச் சொல்லிக் கேட்டேன்.

"இன்னாம்மா, கல்லுக்கு அபிசேகம் பண்ணப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு, பாறைமேல் அவரே வீசி ஊற்றினார். நனைந்ததும் ஒவ்வொரு மடிப்பும் பளிச்சென்று எழுந்து வந்தது.

"நேரம் ஆவுது, வா," என்று கணவர் முன்பக்கத்திலிருந்து கூப்பிட்டார். லாரியின் பக்கவாட்டில் நின்று பாறையை ஏறிட்டுப் பார்த்தார். "கோடு கோடா ஒரு கல்லு. இதுல என்ன இருக்கு?"

அவர் சொன்னது தப்பில்லை. மடிப்பு ஓடுகிற திசையோடு வெட்டினால் வெறும் நேர்க்கோடுதான் தெரியும். குறுக்கே வெட்டிய பக்கத்தில்தான் அது பட்டதெல்லாம் தெரியும். வழக்கமாக நான் பேசாமல் போய் வண்டியில் ஏறியிருப்பேன். அன்று முடியவில்லை. கழற்றிய சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாரி போய்விடும். இப்போது அவர் பார்க்காவிட்டால் இனி எப்போதும் பார்க்கப்போவதில்லை என்று தோன்றியது.

"நீங்க நிக்கிற பக்கத்துலேர்ந்து அப்படித்தாங்க தெரியும். ஒரு தடவை இங்க வந்து பாருங்க," என்றேன். குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் வந்தார்.

வந்தவருக்கு எப்படிச் சொல்வது? என் புடவையைக் காட்டினேன். "கொசுவத்தை எதிர்ல நின்னு பார்த்தா கோடு கோடாத்தானே இருக்கு? கீழ் ஓரத்தைக் குனிஞ்சு பாருங்க." பட்டப்பகலில், நடுச்சாலையில், கையில் சீர்த்தட்டோடு அந்த மனிதர் குனிந்து என் புடவை ஓரத்தைப் பார்த்தார். பஞ்சர் கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் நிமிர்ந்து பாறையைப் பார்த்தார். மறுபடி புடவையைப் பார்த்தார். பிறகு தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு மடிப்பின் வளைவை விரலால் தடவினார்.

"விரிசலே விடலையே! நாங்க இரும்பைக் காய்ச்சித்தான் வளைப்போம், இல்லன்னா விரிசல் விட்டுடும். கல்லு இப்படி வளையணும்னா எவ்வளவு சூட்டுல இருந்திருக்கும்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எட்டு வருடமாகக் காத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். ஆழம், அழுத்தம், வெப்பம், எத்தனை கோடி ஆண்டு என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

கல் எங்கிருந்து வருகிறது என்று டிரைவரைக் கேட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கரட்டிலிருந்து துறைமுகத்துக்குப் போகிறது என்றார். "அடிவாரத்துல முனியப்பன் கோயில் இருக்குமா?" என்றேன். படிக்கும்போது நாங்கள் அளந்த கரட்டடியில் ஒன்று இருந்தது.

"எல்லாக் கரட்டடியிலயும் ஒரு முனியப்பன் இருப்பாருங்கம்மா," என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் கரட்டுல மேல்பாதி கப்பல் ஏறிடுச்சுங்க," என்றார்.

லாரி கிளம்பியது. அது கண்ணுக்கு மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அவர் கேட்டார்: "மறுபடியும் அங்க போகணும்னு உனக்கு இருக்கா?"

"தெனமும்," என்றேன்.

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

காதுகுத்து வீட்டு வாசலிலேயே நாத்தனார் நின்றிருந்தார். "எங்கடா போயிட்ட? நல்ல நேரம் முடியப்போவுது, புள்ள அழுவுது!"

"பஞ்சர்க்கா," என்றார் இவர். யாருடைய வண்டிக்கு என்று சொல்லவில்லை. அவசரமாக மடியைக் கொடுத்தார், அரைகுறை நல்ல நேரத்தில் காது குத்தியாயிற்று.

கிருஷ்ணகிரிக்கு நாங்கள் இன்றுவரை போகவில்லை. பிள்ளைகள் படிப்பு, மாமியார் படுக்கையில் விழுந்தது, பிறகு என் முழங்கால் என்று வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் கல்யாண மண்டபமோ வங்கியோ, தரையில் கோடு போட்ட கல்லைப் பார்த்தால் அவர் நின்றுவிடுவார். "இது எந்தப் பக்கத்து வெட்டு?" என்று என்னைக் கேட்பார். அந்தக் கரடு இப்போது இருக்கிறதோ இல்லையோ, அதை நினைத்து நான் ஏங்குவது நிற்கவில்லை. அன்றிலிருந்து தனியாக ஏங்கவில்லை, அவ்வளவுதான்.