சாம்பல் தட்டு வைத்த மாடம்

அந்த வீட்டை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அங்கே வேலைக்காரர்களே கிடையாது என்றுதான் தோன்றும். அப்படித்தான் கட்டியிருந்தார்கள். யாரோ ஒரு துரை, சீமையில் தன் அப்பா வாழ்ந்த மாளிகையை அச்சு அசலாக பெங்களூர் கண்டோன்மென்ட்டில் எழுப்பினாராம். சிவப்புச் செங்கல், கருங்கல் போர்ட்டிகோ, சின்னச் சின்னக் கண்ணாடிகளைக் கோத்த ஜன்னல்கள், கூரைமேல் வரிசையாகப் புகைபோக்கிகள். கூரை செங்குத்தாகச் சரியும். பனி வழுக்கி விழுவதற்காம். பெங்களூரில் நாங்கள் பனிக்கட்டியைப் பார்த்தது ஐஸ் வண்டியில்தான்.

எங்களுக்கென்று பின்னால் ஒரு குறுகல் மாடிப்படி. தட்டை ஏந்திக்கொண்டு ஏறினால் முழங்கை சுவரில் தேயும். வீட்டுக்கும் அவுட்ஹவுஸுக்கும் நடுவே ஆளுயரச் சுவர், அதன்மேல் அடர்ந்த கொடி. மாடி ஜன்னலில் நிற்கும் துரைசானியின் கண்ணில் எங்கள் துணிமணி படக்கூடாது. அந்தச் சுவருக்குப் பின்னால் கடைசி அறை எங்களுடையது. நான் பிறந்தது அங்கே. அப்பா செத்ததும் அங்கேதான். அதோடு என் பள்ளிக்கூடமும் நின்றது. அம்மாவோடு பெரிய வீட்டில் படுக்கை விரிக்கப் போனேன்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. கோலார் தங்கவயலிலிருந்து அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்த சின்ன புத்தர் சிலை அதில் இருக்கும். முன்னால் ஒரு அகல். புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமிக்கு அம்மா ஒரு வருஷம்கூட அங்கே விளக்கேற்றாமல் இருந்ததில்லை. மாடத்தின் மேல்பக்கம் கரி ஏறிக் கறுத்துக் கிடந்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம் துரையும் துரைசானியும் கப்பலேறினார்கள். போகும்போது துரைசானி அம்மாவின் கையைப் பிடித்து, "நீ இருக்கிற வரைக்கும் அந்த ரூம் உனக்குத்தான்" என்றாள். அம்மா அதை நம்பினாள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சின்ன வயசிலிருந்தே எனக்கு அந்தப் புத்தி. தாழ் போட்ட கதவை எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன்.

வீட்டை வாங்கியவர் மரமண்டி வைத்திருந்தவர். ஓட்டல் ஆக்கப் போவதாகச் சொன்னார். இன்ஜினியரோடு வந்து, வீட்டைச் சுற்றிக் காட்ட அம்மாவைக் கூப்பிட்டார். பின்பக்கம் வந்ததும் அவுட்ஹவுஸைக் காட்டி இன்ஜினியர் சொன்னார்: "இதை இடிச்சுட்டா கார் நிறுத்த எடம் கெடைக்கும் சார்."

அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "நீ ஒண்ணும் பேசாதம்மா."

"சும்மா கெடடி" என்றாள். பிறகு வீட்டை வாங்கியவர் பக்கம் திரும்பி, "இத்தப் போய் இடிக்கலாமா சாமி? செவுரு எம்மாம் கனம் பாருங்க. வெயில் காலத்துலகூட சில்லுனு கீது. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகினதில்ல" என்றாள்.

அவர் எங்கள் அறைக்குள் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "அட, ஃபேனே வேணாம் போல இருக்கே ஆயா! சென்னாகிதே, நல்லாவே இருக்கு!"

அவர்கள் போன பிறகு அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா? இடிக்க மாட்டாருடி."

அவள் சொன்னபடியே அவர் இடிக்கவில்லை. எங்களைக் காலி பண்ணச் சொன்னார்.

"வேலை எங்கயும் போகாது ஆயா. ஜாகைதான் வேற பாத்துக்கணும்" என்றார். ஏதோ தயவு பண்ணுகிற குரல். ஈஜிபுராவில் ஒரு தகரக் கூரை வீடு கிடைத்தது. புத்தரும் அகலும் எங்களோடு அங்கே வந்தன. அவுட்ஹவுஸ், ஓட்டலுக்கு வருகிறவர்கள் தங்கும் காட்டேஜ் ஆனது. எங்களை மறைக்கக் கட்டிய சுவரை, காட்டேஜ் தெரிய வேண்டும் என்று இடித்தார்கள். பின்மாடிப்படி மட்டும் அப்படியே எங்களுக்கு. வெள்ளைக்காரன் போயும் முன்வாசல் எங்களுக்குத் திறக்கவில்லை.

ஈஜிபுராவிலிருந்து நடந்து நடந்தே அம்மாவின் முட்டி போயிற்று. வேலையை விட்டாள். நான் போய்க்கொண்டிருந்தேன். நான் பிறந்த அறையைப் பெருக்கிப் படுக்கை விரிப்பதும் என் வேலையில் ஒன்று. சாயங்காலம் வந்தால் அம்மா கேட்பாள்: "மாடம் எப்டி கீது?"

"அப்படியே இருக்கும்மா."

அது பொய்யில்லை. எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் கரி மேலே வந்துவிடும். "இன்னா கறை இது? கெஸ்ட் கேக்கறாங்க" என்று மேனேஜர் என்னிடம் எரிந்து விழுவார். மாடத்தில் அவர் பீங்கான் சாம்பல் தட்டு ஒன்று வைத்திருந்தார். அதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரு வைகாசியில் அம்மா பிடிவாதம் பிடித்தாள். "ஒரே ஒரு தபா அங்க வெளக்கு வெச்சுட்டு வந்துடறேன். அப்பறம் கேக்கமாட்டேன்."

பல நாள் தயங்கி, மேனேஜரிடம் கேட்டேன். "கெஸ்ட் வர்றதுக்குள்ள வந்துட்டுப் போகச் சொல்லு. பின் கேட்டு வழியா. எண்ணெய் கிண்ணெய் சிந்தக்கூடாது" என்றார்.

அம்மா அகலை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் முன்னால் ஓடித் தட்டை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முட்டி வலியோடு அவள் என் தோளைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

உள்ளே போனதும் அம்மா நேராக மாடத்தைப் பார்த்தாள். தட்டில் அணைத்துப்போட்ட சிகரெட் துண்டுகள். நான் பாய்ந்து அதை எடுக்கப் போனேன்.

"இரு" என்றாள்.

தட்டைத் தானே எடுத்தாள். துண்டுகளைக் குப்பைக் கூடையில் கொட்டினாள். முந்தானையால் தட்டைப் பளிச்சென்று துடைத்தாள். துடைத்து, திரும்ப மாடத்திலேயே, நட்டநடுவில் வைத்தாள். அகல் மடியை விட்டு வெளியே வரவே இல்லை.

"அந்தப் பெட்ஷீட்டு மூலைய இழுத்து மடி. ஆளுங்க வர்ற நேரம்" என்றாள்.

நான் இழுத்து மடித்தேன்.