வாய்க்கரிசி நேரத்தில் திரும்பிய கமெரா

யோகன் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி மலர் அக்கா தொலைபேசியில் சொன்னபோது, அடுத்த வசனமும் அதே மூச்சில் வந்தது. "தம்பி, கமெராவோட வாங்கோ. பெடியனுக்கு வர ஏலாது." கனடாவில் இருக்கும் ஒரே மகனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை, இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. அழுவதா, பற்றரியைச் சார்ஜில் போடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

திருகோணமலையில் செத்தவீடுகளை வெளிநாட்டு உறவினருக்கு நேரலையில் காட்டும் தொழிலை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் செய்தோம். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய ஒரு பழக்கம் தெரிந்திருக்கும். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தால் கமெராவைப் பந்தல் காலுக்குத் திருப்பிவிடுவார். சாம்பல்தீவுச் செத்தவீடு ஒன்றில், லண்டனிலிருந்து ஒருவர் அழைத்துக் கத்தினார். "கம்பத்தைப் பாக்கவோ நான் விடியமுன்னம் எழும்பினனான்?" யோகன் அண்ணை குரலை உயர்த்தவே இல்லை. "அது நிண்டு போடுற இடம், தம்பி. குந்தியிருந்து பாக்கிற இடமில்லை."

இத்தனைக்கும் மனிதர் கோயில் வாசலை மிதிக்காதவர். திருவிழா வேலைக்குப் போனாலும் தேத்தண்ணீர்க் கடையோடு நின்றுவிடுவார். உள்ளே போவது நான்தான். திருநீறு கொண்டுவந்து நீட்டினால், "எனக்குத் தும்மல் வரும்" என்பார். அப்படிப்பட்டவருக்கு இதில் மட்டும் என்ன புனிதம்? எனக்கு அதை அறியாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் கிண்டலாகவே கேட்டேன். அவர் சொன்னார்:

"நீர் எடுத்த நிலாவெளிச் செத்தவீட்டை நான் வீட்டில இருந்து போனில பாத்தனான். கையில சோத்துக் கோப்பை. செத்த மனுசியின்ர முகத்துக்கு மேலால, பாக்கிறவை தட்டிவிடுற இதயமும் பெருவிரலும் பறக்குது. நானும் சப்பிக்கொண்டு இருக்கிறன். பிறகு சோறு இறங்கேல்லை." அவரே தொடர்ந்தார்: "சாமி இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. கூச்சமும் போனா மனுசனிட்ட மிச்சம் என்ன இருக்கு, நீர் சொல்லும்?"



அவருடைய செத்தவீட்டில் கமெராவுக்குப் பின்னால் நான் தனியே நின்றேன். அரிசித் தட்டு வந்ததும், அவர் செய்வதைப்போலவே பந்தல் காலுக்குத் திருப்பினேன். உடனே என் கைபேசி அடித்தது. மகன். கத்தப் போகிறான் என்று நினைத்தேன்.

"மாமா, தலை தோய்ஞ்சுபோட்டு கையில அரிசியோட நிக்கிறன். ஒருக்கா அப்பாவின்ர முகத்தைக் காட்டுங்கோ."

மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த நேரலையை நிறுத்திவிட்டு, மகனை வீடியோ அழைப்பில் எடுத்துக் கைபேசியை மலர் அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்தார். "போடு, ராசா" என்றார். அங்கே அவன் போட்ட அரிசி அவனுடைய கைபேசிக் கண்ணாடியில் விழுந்த சத்தம், இங்கே பெட்டியைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

யோகன் அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கூச்சம். அரிசி நேரத்தில் இன்றும் கமெராவைத் திருப்புகிறேன். திருப்ப முன்னர், வெளிநாட்டில் யாராவது கையில் அரிசியோடு நிற்கிறார்களா என்று கேட்டுக்கொள்கிறேன்.