அது சின்ன ர

பட்டினப்பாக்கம் கடலோரத்துலதான் எங்க வீடு. தங்கச்சி திவ்யா, தான் எழுதின முதல் ராப் பாட்டை இன்னைக்கு அப்பாவுக்குப் போட்டுக் காட்டினா.

"இந்தப் பட்டணத்துக்கு நாங்கதான் கரை"ன்னு ஒரு வரி வந்துச்சு. அப்பா எழுந்துட்டாரு.

"ஊரே நம்மள அப்டித்தான் சொல்லிக்கினு கீது. நீயும் கறைன்னு பாடுறியா?"

திவ்யா பாட்டை நிறுத்தினா.

"அது பெரிய ற இல்ல நைனா, சின்ன ர. கடற்கரை. நம்மள கறைன்னு சொல்றவங்களுக்கு அதான் பதில்."

அப்பா மறுபடியும் உக்காந்தாரு. அப்புறம், "இன்னொரு தபா போடு"ன்னாரு.

இப்போ, கூட மீன் பிடிக்கப் போற எல்லாருக்கும் பாட்டை அனுப்பிட்டு, வாய்ஸ் மெசேஜும் போட்டுக்கினு இருக்காரு: "டேய், அது சின்ன ர. ஒழுங்கா கேளு."

பாட்டை விட விளக்கம் நீளம். உங்க வீட்டுல எப்படி?